பூவும் பழமும் வரைந்த ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிள், திராட்சை, அன்னாசி எல்லாம் நிரம்பி வழியும் பழத்தட்டுப் படம் ஒன்றை ஏதாவது ஒரு மெஸ் சுவரில் பார்க்காதவர்கள் குறைவு. லேமினேட் செய்து, மூலையில் எண்ணெய்க் கறையோடு தொங்கும். இட்லி வருகிறவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் படத்துக்கு நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட குடும்ப வரலாறு உண்டு என்று ஒருமுறை நண்பர்களிடம் சொல்லப்போய், கேள்விகள் வரிசையாக வந்தன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தையே சுற்றும். இந்த வகை ஓவியம் உச்சத்தைத் தொட்டது அங்கேதான்.

‘ஸ்டில் லைஃப்’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

மேசைமேல் சில பொருட்களை வைத்து, அவற்றைப் பார்த்து வரைவது. டிராயிங் வகுப்புக்குப் போனவர்களுக்கு உடனே புரியும்: ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு எலுமிச்சம்பழம், பின்னால் மடிப்பு விழ ஒரு துணி. அசைவற்ற பொருள் ஓவியம் என்று தமிழில் எழுதுகிறார்கள். பேச்சில் ஸ்டில் லைஃப்தான். டச்சுக்காரர்கள் ‘ஸ்டில்லேவன்’ என்றார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுடைய வீட்டுச் சொத்துப் பட்டியல்களில் இந்தச் சொல் தலைகாட்டுகிறது. பிரெஞ்சில் ‘நத்யூர் மோர்த்’, அதாவது செத்த இயற்கை. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. செத்ததாகவே இருக்கட்டும், அப்புறம் எதற்கு அந்தப் பழத்தின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது?

முதலில் வரைந்தது யார்?

கிரேக்க ஓவியர் ஸியூக்ஸிஸ் வரைந்த திராட்சையைப் பறவைகள் கொத்த வந்தன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். கதை இருக்கட்டும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஹெர்குலேனியம் சுவரிலிருந்து எடுத்த ஓவியம் இருக்கிறது: கிளையோடு பச்சைப் பீச் பழங்கள், பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடி. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் ஹெர்குலேனியத்தைப் புதைத்தது.

அதன்பின் ஐரோப்பாவில் நெடுங்காலம் பூவும் பழமும் மேரி மாதாவின் காலடியிலும் விருந்துக் காட்சிகளின் ஓரத்திலும் துணை நடிகர்களாகவே வந்துபோயின. 1600ஐ ஒட்டிய சில ஆண்டுகளில்தான் மிலானிலும் தொலேதோவிலும் ஆண்ட்வெர்ப்பிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் அவை கதாநாயகர்கள் ஆயின. ஸ்பெயினின் சான்செஸ் கொட்டான் ஒரு ஜன்னல் சட்டத்தில் சீமை மாதுளையையும் முட்டைக்கோஸையும் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே கீறிய முலாம்பழத்தையும் வெள்ளரியையும் வைத்து வரைந்தார். பின்னால் முழு இருட்டு. உறியில் தொங்கும் பண்டத்துக்கு இவ்வளவு பக்தியா என்று தோன்றும். 1603இல் அவர் தூரிகைகளை மூட்டை கட்டிக்கொண்டு கார்த்தூசியன் மடத்தில் சேர்ந்துவிட்டார்.

ஏன் டச்சுக்காரர்கள் இதில் இவ்வளவு இறங்கினார்கள்?

பணம், மதம், தோட்டம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன.

கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபை தேவாலயங்களிலிருந்து படங்களையும் சிலைகளையும் அகற்றிவிட்டது. பெரிய சாமிப் படங்களுக்கு ஆர்டர் கொடுக்க ஆள் இல்லை. அதே சமயம் வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பங்கள் வீட்டில் மாட்டச் சிறிய படங்கள் தேடின. 1593இல் தாவரவியலாளர் குளுசியஸ் லைடன் நகரத்துக்கு வந்து பல்கலைக்கழகத் தோட்டத்தை உருவாக்கினார். துருக்கியிலிருந்து வந்த துலிப் கிழங்குகள் அங்கே பூத்தன. தோட்டம் போட்டவர் தன்னிடம் இருக்கும் அபூர்வப் பூவை ஊரார் பார்க்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதானே. பூவோ பத்து நாளில் வாடிவிடும். படம் வாடாது.

துலிப்பும் ரோஜாவும் ஒரே ஜாடியில் எப்படி? பூக்கும் காலம் வேறாயிற்றே?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத் தோட்ட அனுபவம் இருக்க வேண்டும். ஹாலந்தில் துலிப் ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். ரோஜா ஜூனில்தான் களைகட்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். ஆகவே படத்தில் நீங்கள் பார்க்கும் பூங்கொத்து எந்த வீட்டிலும், எந்த நாளிலும் இருந்ததே இல்லை.

ஓவியர்கள் ஒவ்வொரு பூவையும் அது பூக்கும் பருவத்தில் தனித்தனியாகத் தாளில் வரைந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்தத் தாள்களைப் பரப்பிவைத்து ஒரு கொத்தாகக் கட்டுவார்கள். ஆம்ப்ரோசியஸ் போஸ்கார்ட் இப்படித்தான் வேலை செய்தார். அவருடைய ஒரு படத்தில் பார்த்த பூவை இன்னொரு படத்தில் அதே சாய்வில், அதே இதழ் மடிப்போடு மறுபடி பார்க்கலாம். ஹேக் நகரத்து மவுரித்ஸ்ஹாவ்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவரது ‘ஜன்னலில் பூ ஜாடி’ (1618 வாக்கில்) இந்தக் கட்டுமானத்துக்கு அழகான உதாரணம். எந்தப் பூவும் இன்னொரு பூவை அதிகம் மறைக்காது. கல்யாண குரூப் போட்டோவில் நிற்கிற மாதிரி எல்லோருக்கும் முகம் தெரிய வேண்டும். ஜாடிக்குக் கீழே கடல் சிப்பிகள். இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள்.

சிலர் தாளை நம்பவில்லை. மூத்த யான் புரூகெல் 1606இல் தன் புரவலரான மிலான் கர்தினால் ஃபெதெரிகோ பொரொமேயோவுக்கு எழுதிய கடிதத்தில், ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத சில பூக்களை நேரில் பார்த்து வரைய பிரஸ்ஸல்ஸ்வரை போனதாகச் சொல்கிறார். நூறு வருஷம் கழித்து வந்த யான் வான் ஹாய்சும் இன்னும் பிடிவாதக்காரர். 1742இல் ஒரு வாடிக்கையாளருக்குச் சமாதானம் எழுதுகிறார்: போன வருஷம் மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை, இல்லாவிட்டால் படம் முடிந்திருக்கும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவரது பூ ஜாடிப் படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகள் போட்டிருக்கிறது. அடுத்த பருவத்துக்குக் காத்திருந்து முடித்த படம். நம் ஊர் டெய்லர் சொல்லும் “நாளைக்கு வாங்க”வைவிட இதில் நேர்மை கொஞ்சம் அதிகம்.

பூ விலை உயர்ந்ததா, பூ ஓவியமா?

சில சமயம் பூ. 1637 பிப்ரவரி 5ஆம் தேதி அல்க்மார் ஊரில் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த ஏலத்தில் துலிப் கிழங்குகள் மொத்தமாகச் சுமார் 90,000 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) போயின. ஒரு நல்ல கைவினைஞர் வருஷமெல்லாம் உழைத்து 300 கில்டர் அளவில் சம்பாதித்த காலம் அது. அதே வாரத்தில் சந்தை விழ ஆரம்பித்துவிட்டது. நிலக்காட்சி ஓவியர் யான் வான் கொயன்கூடத் துலிப்பில் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர். 1656இல் கடனோடுதான் இறந்தார்.

எல்லோரும் ஆசைப்பட்டது வெள்ளை இதழில் தீ நாக்குபோலச் சிவப்புக் கோடு ஓடும் துலிப்பை. அந்தக் கோடுகள் ஒரு வைரஸ் நோயால் வந்தவை. அசுவினிப் பூச்சி அதைப் பரப்பியது. 20ஆம் நூற்றாண்டில்தான் காரணம் தெரிந்தது. நோய் கண்ட பூ என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது, கிழங்கும் சீக்கிரம் பலம் இழந்தது. ஓவியங்களில் நாம் ரசிப்பது பாதி நேரம் சீக்குப் பிடித்த பூக்களைத்தான்.

ஓவியமும் மலிவில்லை. 1621இல் போஸ்கார்ட் 1,000 கில்டர் விலை பேசிய ஒரு பூப்படத்தைக் கொடுக்க ஹேக் போன இடத்தில் இறந்துபோனார். புரூகெல் தன் பூ ஜாடியின் அடியில் நகைகளையும் சேர்த்து வரைந்தார். அந்த ரத்தினங்களின் மதிப்பு எவ்வளவோ அதையே படத்துக்கு விலையாகக் கொடுத்தேன் என்று பொரொமேயோ எழுதி வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து கிடக்கும்போது வரைந்த பூக்களைப் பார்த்து மகிழ்ந்ததாகவும், வாசனையைக்கூடக் கற்பனை செய்துகொண்டதாகவும் அவரே சொல்கிறார். இந்த ஓவியங்கள் ஏன் பிடிக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிட எளிமையான பதிலை நான் பார்த்ததில்லை.

அழகான பழத்தில் எதற்குப் புழு ஓட்டை?

பைபிளின் பிரசங்கி புத்தகம் “மாயை, மாயை, எல்லாம் மாயை” என்று தொடங்குகிறதல்லவா, அதில் ‘மாயை’ என்ற சொல் வரும் இடத்தில் லத்தீன் பைபிளில் இருப்பது ‘வானிதாஸ்’. அதுவே ஒரு ஓவிய வகைக்குப் பெயராகிவிட்டது. மண்டை ஓடு, அணைந்த மெழுகுவர்த்தி, மணல் கடிகாரம், சோப்புக் குமிழி: எல்லாம் போய்விடும், நீயும் போய்விடுவாய் என்று நேரடியாகவே சொல்லும் படங்கள்.

பூ, பழப் படங்கள் அதே பேச்சைக் குரல் தாழ்த்திப் பேசுகின்றன. விரிந்து முடித்து இதழ் உதிரப்போகும் துலிப். மேசை விளிம்பில் ஏற்கெனவே விழுந்துவிட்ட ஒற்றை இதழ். பீச் பழத்தில் கட்டைவிரல் அழுத்திய மாதிரி ஒரு பழுப்புத் தடம். ஈ அழுகலைக் காட்டும். புழுவாக இருந்து கூட்டுக்குள் போய்ச் சிறகோடு வெளியே வருவதால் வண்ணத்துப்பூச்சி உயிர்த்தெழுதலைக் காட்டும். பூச்சிகளை வரைவதில் ஒட்டோ மார்செயுஸ் வான் ஸ்க்ரீக் ஒரு படி மேலே போனார்: ஈரமான சாயத்தின்மேல் நிஜ வண்ணத்துப்பூச்சிச் சிறகை ஒற்றி எடுத்தார், அதன் செதில்கள் அப்படியே படத்தில் ஒட்டிக்கொண்டன.

அப்படியானால் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அர்த்தமா? பட்டியல் இருக்கிறதா?

பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. வெள்ளை லில்லி மேரியின் தூய்மை, திராட்சை திருவிருந்தின் ரசம், ஆப்பிள் ஆதாம் ஏவாளின் வீழ்ச்சி, மாதுளை உயிர்த்தெழுதல், பாப்பி தூக்கமும் மரணமும், சூரியகாந்தி பக்தி. கார்னேஷனுக்கு டச்சில் ஆணிப் பூ என்று ஒரு பெயர் இருந்ததால் அது சிலுவையின் ஆணி.

ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் நிற்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அறிஞர்களிடையே இது பெரிய சண்டை. டச்சு ஓவியங்களில் அர்த்தம் மறைந்திருக்கிறது, அன்றைய நீதிப்பாடல்களையும் சின்னங்களையும் கொண்டு அதைப் படிக்கலாம் என்றார் எட்டி டி யொங். அந்த ஓவியர்களுக்குக் கண்ணால் பார்த்ததை விவரிப்பதே பெரிய காரியமாக இருந்தது என்று 1980களில் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் எதிர்வாதம் வைத்தார். நான் நடுவில் நிற்கிறேன், கொஞ்சம் ஆல்பர்ஸ் பக்கமாகச் சாய்ந்து. வாங்கியவர் தன் வீட்டுக் கூடத்தில் ரோஜாவைப் பார்த்த எல்லா நேரமும் வேதபாடம் படித்திருக்க மாட்டார்.

ஓவியரே அர்த்தத்தை எழுதிக் காட்டிய படங்களும் இருக்கின்றன. மியூனிக்கில் உள்ள யான் டாவிட்ஸ் டி ஹேமின் படம் ஒன்றில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் சிலுவை, மண்டை ஓடு, ஒரு சீட்டு. அனைத்திலும் அழகான பூவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற பொருளில் சீட்டில் வாசகம் இருக்கிறது. அந்தப் பூ இயேசு. அப்படிச் சீட்டு எழுதி வைக்காத நூறு படங்களில் ரோஜா வெறும் ரோஜாவாகவும் இருக்கலாம், மேரியாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லாத ஒரு புது ரகமாகவும் இருக்கலாம்.

பாதி உரித்த எலுமிச்சை ஏன் எல்லாப் படத்திலும் வருகிறது?

பார்க்க அழகு, வாயில் வைத்தால் புளிப்பு என்பது நீதிபோதனை. தோலின் சொரசொரப்பு, உள்வெள்ளையின் பஞ்சுத்தன்மை, சுளையின் ஈரம் மூன்றையும் ஒரே பழத்தில் காட்டலாம் என்பது தொழில் ரகசியம். இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

எலுமிச்சை குளிர் தேசத்தில் இறக்குமதிச் சரக்கு. அதன் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்: பழைய பஞ்சாங்கத் தாளைக் கூம்பாகச் சுருட்டிய பொட்டலத்தில் மிளகு. நம் மளிகைக் கடைப் பொட்டலமேதான்! 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி 1613 முதல் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தது. சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பலேற்றி, அதைக் கொடுத்து ஜாவா, சுமத்ரா பக்கம் மிளகும் வாசனைச் சரக்கும் வாங்கினார்கள். ஹார்லெம் நகரத்து மேசைப் படத்தில் இருக்கும் அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் நம் கரையோர நெசவாளியின் தறிச் சத்தமும் லேசாகக் கேட்கிறது.

இந்தத் துறையில் பெண் ஓவியர்கள் அதிகமாமே?

மற்ற வகைகளோடு ஒப்பிட்டால், ஆமாம். நிர்வாண மாடலைப் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அது இல்லாமல் புராண, சரித்திரப் படங்கள் வரைய முடியாது. மேசைமேல் இருக்கும் பழத்தை வரைய யாரும் தடை போடவில்லை.

ரேச்சல் ராய்ஷ் (1664–1750) இவர்களில் பெரியவர். அப்பா ஃபிரெடெரிக் ஆம்ஸ்டர்டாமில் உடற்கூறு, தாவரவியல் பேராசிரியர். வீடு முழுக்கப் பதப்படுத்திய பூச்சிகளும் செடிகளும். பதினைந்து வயதில் வில்லெம் வான் ஆல்ஸ்டிடம் தொழில் கற்கப் போனார். பத்துப் பிள்ளைகள் பெற்றார். 1708இல் டூசல்டார்ஃபில் ஆண்ட இளவரசரின் அரசவை ஓவியர் ஆனார். 83 வயதில் வரைந்த படத்தில் கையெழுத்தோடு வயதையும் போட்டார். அந்தப் பெருமை நியாயமானதுதான். அவருடைய கொத்துகள் போஸ்கார்டின் குரூப் போட்டோ மாதிரி இருக்காது. தண்டுகள் வளைந்து, ஒரு பூ முதுகைக் காட்டித் திரும்பி, இன்னொன்று தலை தொங்கி, முழுக் கொத்தும் சுழன்றுகொண்டிருக்கும்.

அவருக்கு இரண்டு தலைமுறை முந்தைய ஆண்ட்வெர்ப் ஓவியர் கிளாரா பேட்டர்ஸ் செய்த குறும்பு வேறு வகை. மேசைமேல் இருக்கும் தங்க முலாம் கிண்ணத்தின் குமிழ்களில் உற்றுப் பார்த்தால் சின்னஞ்சிறு பெண் உருவம் ஒன்று, கையில் தூரிகைகளோடு. ஒரு குமிழில் மட்டுமில்லை, பலவற்றில். மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கென்று நடத்திய முதல் தனிக் கண்காட்சி அவருடையது, 2016இல்.

சில படங்களில் இலைகள் நீலமாக இருக்கின்றனவே, கற்பனையா?

இல்லை, சாயம் போய்விட்டது. இலைக்கு நீலத்தைப் பூசி, அதன்மேல் செடியிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தை மெல்லிய படலமாகப் பூசிப் பச்சையாக்கினார்கள். முந்நூறு வருஷ வெளிச்சத்தில் மஞ்சள் வெளுத்தது, நீலம் மிச்சம். வான் ஹாய்சுமின் படங்களில் இது நன்றாகத் தெரியும்.

மஞ்சள் ரோஜாக்களுக்கும் ஒரு சோகம் உண்டு. அவற்றுக்கு அரிதாரம் பயன்படுத்தினார்கள். நடிகர்கள் பூசும் அரிதாரத்துக்குப் பெயர் கொடுத்ததே, அந்த ஆர்சனிக் மஞ்சள்தான். அது காலப்போக்கில் சிதைந்துவிடும். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியத்தில் உள்ள ஆப்ரஹாம் மிஞ்யோனின் பூப்படம் ஒன்றில் மற்ற பூக்கள் உருண்டு திரண்டு நிற்க, மஞ்சள் ரோஜா மட்டும் வெட்டி ஒட்டிய காகிதம்போலத் தட்டையாக இருக்கிறது. எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்தபோது, அவர் இதழ் இதழாக நிழல் போட்டு வரைந்திருந்தது தெரியவந்தது. நிலையாமையைப் பற்றி வரைந்த பூவுக்கே இந்தக் கதி.

இது ஓவியங்களில் கடைசிப் படி என்கிறார்களே?

1660களில் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெலிபியன் வகைகளுக்குப் படிக்கட்டு போட்டபோது மனித உருவத்துக்கு மேல் படி, பழத்துக்கும் பூவுக்கும் கீழ்ப்படி. 1678இல் டச்சு ஓவியர் ஹோக்ஸ்ட்ராடன், இவற்றை வரைகிறவர்கள் கலைப்படையின் சாதாரணக் காலாட்கள் என்று எழுதினார். சந்தை இப்போது வேறு மாதிரி பேசுகிறது. பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1761இல் காட்சிக்கு வைத்த, கூம்பாகக் குவித்த காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கூடைப் படம் 2022இல் பாரிஸ் ஏலத்தில் 2.4 கோடி யூரோவுக்கு மேல் போனது. பிரான்ஸ் அரசு அதைத் தேசியச் செல்வம் என்று நிறுத்தி வைத்து, கடைசியில் லூவ்ர் வாங்கிவிட்டது.

ஆம்ஸ்டர்டாம் போக வசதி இல்லை. எங்கே பார்ப்பது?

ரெய்க்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படங்கள் இலவசம். போனில் பார்க்காமல், முடிந்தால் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் மேசை விளிம்பு, பிறகு பூச்சிகள், பிறகு கண்ணாடி ஜாடியில் விழும் ஜன்னலின் பிரதிபலிப்பு. பூவை கடைசியாகப் பார்க்கலாம், அது எங்கும் போய்விடாது.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால்?

டச்சு ஓவியம் எதையும் சொல்லப்போவதில்லை. மிலானின் அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்தில் உள்ள, இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோவின் பழக்கூடை, 1599ஐ ஒட்டி வரைந்தது. வெளிறிய மஞ்சள் சுவர், ஒரு பிரம்புக் கூடை. கூடையின் அடி மேசை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்ததும் கை தானாக அதை உள்ளே தள்ளப் போகும். முன்னால் இருக்கும் ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை. திராட்சை மேல் சாம்பல் படிந்த மாதிரி மங்கல். வலது பக்கம் பார்த்தால் இலைகள் காய்ந்து சுருண்டு கறுத்துக்கொண்டிருக்கின்றன, ஒரே கூடைக்குள் காலைக்கும் மாலைக்கும் இடையே சில நாட்கள் ஓடிவிட்டதுபோல.

இதை வைத்திருந்தவரும் அதே கர்தினால் பொரொமேயோதான். இதற்கு ஜோடியாகப் பக்கத்தில் மாட்ட இன்னொரு பழக்கூடைப் படம் தேடினார். இதன் அழகுக்கு ஈடாக எதுவும் அகப்படவில்லை, ஆகவே இது தனியாகவே இருந்துவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்.